மூன்று காசுத் தண்ணீர்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்குக் கடற்பாலம் என்பது பொழுது விடியுமுன்பே வரிசையில் நின்று கடக்கவேண்டிய ஒரு கிலோமீட்டர். 950ஆம் எண் பேருந்து நகராமல் நிற்கும் நேரங்களில் கண்ணில் படுபவை, சாலையை ஒட்டி நீளும் பெருங்குழாய்கள்தாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் பார்த்துக்கொண்டே போய்வருகிறேன். எந்தக் குழாயில் தண்ணீர் அந்தப் பக்கம் போகிறது, எந்தக் குழாயில் இந்தப் பக்கம் திரும்பி வருகிறது என்று பேருந்தில் யாராவது ஒருவர் தொடங்குவார். எல்லாருக்கும் விடை தெரியும், ஒருவர் விடை மற்றவர் விடையோடு ஒத்துப்போகாது. தேர்தல் நெருங்கினால் அந்தப் பேச்சு சூடு பிடிக்கும். எங்கே தொடங்கினாலும் அது வந்து நிற்கும் இடம் ஒன்றுதான், ஜொகூர் ஆற்றுநீருக்குச் சிங்கப்பூர் கொடுக்கும் விலை: ஆயிரம் கேலன் மூன்று காசு.

இந்தக் காசு என்ற சொல்லையே முதலில் பார்க்க வேண்டும். பாலத்தின் இரு பக்கத்துத் தமிழர்களும் தத்தம் பணத்தை வெள்ளி என்றும் காசு என்றும்தான் சொல்கிறோம். 1962இல் அந்த விலையை ஒப்பந்தத்தில் எழுதியபோது இரு பக்கமும் ஒரே பணம். அந்தக் காசு இங்கும் காசு, அங்கும் காசு. பின்னர் பணம் இரண்டாகப் பிரிந்தது. 1973 வரை இரண்டும் சரிக்குச் சரியாக மாறின. அதன் பிறகு மலேசிய ரிங்கிட் இறங்கி இறங்கி, இன்று சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்கிறோம். ஆகவே ஒப்பந்தத்தில் இருக்கும் மூன்று காசு இன்று சிங்கப்பூரில் ஒரு காசுகூடப் பெறாது. விலை மாறவில்லை என்று இரு அரசுகளும் சொல்கின்றன. மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை என்பதே உண்மை.

என் அக்கா யீஷூனில் நான்கறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் வீட்டுக்கு வந்திருந்த பயனீட்டுக் கட்டணச் சீட்டை மேசையில் விரித்து வைத்து, "இதுல உங்க ஊரு பங்கு எவ்வளவு, சொல்லு தம்பி" என்று கேட்டார். ஐந்து பேர் உள்ள வீடு. அந்த மாதம் 18 கன மீட்டர் தண்ணீர் செலவாகியிருந்தது. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் ஒரு கன மீட்டர் 3.24 வெள்ளி. அது மூன்று வரிகளாகப் பிரிந்து நிற்கும்: தண்ணீருக்கு 1.43, தண்ணீர்ச் சேமிப்பு வரி 0.72, கழிவுநீரை வாங்கிக்கொண்டு போய்ச் சுத்திகரிப்பதற்கு 1.09. ஆக, பொருள் சேவை வரியைச் சேர்க்காமல் 58 வெள்ளி 32 காசு. ஆயிரம் கேலன் என்பது ஏறத்தாழ நாலரைக் கன மீட்டர். மூன்று காசை நாலரையால் வகுத்து, அதைச் சிங்கப்பூர்ப் பணமாக மாற்றினால், கன மீட்டருக்கு ஒரு காசில் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. அக்காவின் 18 கன மீட்டரும் ஜொகூர் ஆற்றிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டாலும், எங்கள் ஊரின் பங்கு நான்கு காசைத் தாண்டாது. 58 வெள்ளியில் நான்கு காசு.

இந்தக் கணக்கை எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யாரிடம் சொன்னாலும் கொதித்துப்போவார்கள். நானும் கொதித்தவன்தான். கோத்தா திங்கிப் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பா, ஜொகூர் ஆற்றங்கரையில் வேலி போட்டுச் சிங்கப்பூர்க்காரர்கள் நடத்தும் சுத்திகரிப்பு ஆலையைக் காட்டி, "நம்ம ஆத்துல அவன் காவல் போட்டிருக்கான் பாரு" என்று சொல்லி வளர்த்த பிள்ளை நான். ஆனால் ஆற்றில் ஓடும் தண்ணீருக்கும் குழாயில் வரும் தண்ணீருக்கும் நடுவே என்னென்ன செலவு, அதை யார் ஏற்றார்கள் என்று கேட்கத் தொடங்கியபோது அந்தக் கொதிப்பு வேறு பக்கம் திரும்பியது.

ஒப்பந்தங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1927இல் ஜொகூர் சுல்தானுக்கும் சிங்கப்பூர் நகராண்மைக்கும் இடையே முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. குனோங் பூலாய் மலைநீர் அதன்படி வந்தது. 1942 சனவரி இறுதியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தைத் தகர்த்தபோது அதோடு தண்ணீர்க் குழாயும் உடைந்தது. ஒரு தீவு தன் தண்ணீருக்கு அடுத்த கரையை நம்பியிருப்பதன் பொருளை அந்தத் தலைமுறை அப்போது கண்டுகொண்டது. 1961 செப்டம்பரில் தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளுக்கு 50 ஆண்டு ஒப்பந்தம். 1962 செப்டம்பரில் ஜொகூர் ஆற்றுக்கு 99 ஆண்டு ஒப்பந்தம்: 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் வறட்சி. ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு ஏறத்தாழப் பத்து மாதம் நீடித்தது. 1965இல் இரு நாடுகளும் பிரிந்தபோது, பிரிவினை ஒப்பந்தத்திலேயே தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு உறுதி எழுதிச் சேர்க்கப்பட்டது. வேறு எதற்கும் அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பொதுவாக நம் பேச்சில் விடுபட்டுப் போவது ஒப்பந்தத்தின் மறுபாதி. சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஜொகூர் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதன் விலை ஆயிரம் கேலனுக்கு 50 காசு. எடுக்கும் தண்ணீரில் 2 விழுக்காடு, அதாவது நாளுக்கு 5 மில்லியன் கேலன், ஜொகூரின் உரிமை. நடைமுறையில் ஜொகூர் கேட்டுக்கொண்டதற்கிணங்க 16 மில்லியன் கேலன் வரை அதே விலைக்குத் தந்துவருவதாகச் சிங்கப்பூர் சொல்கிறது. இப்போது எளிய பெருக்கல் ஒன்று. 250 மில்லியன் கேலனுக்கு மூன்று காசு வீதம் ஜொகூர் பெறுவது நாளுக்கு 7,500 ரிங்கிட். 16 மில்லியன் கேலனுக்கு 50 காசு வீதம் ஜொகூர் கொடுப்பது 8,000 ரிங்கிட். ஆற்றைக் கொடுத்துவிட்டு நாள்தோறும் 500 ரிங்கிட்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று இதை வாசிக்கலாம். பேருந்தில் அப்படித்தான் வாசிப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்க 2.40 ரிங்கிட் ஆகிறது என்பதும், அதை வாங்கும் ஜொகூர் தன் மக்களுக்கு 3.95 ரிங்கிட்டுக்கு விற்கிறது என்பதும் சிங்கப்பூர் பல ஆண்டுகளாக முன்வைக்கும் கணக்கு. அதன்படி ஆயிரம் கேலனுக்கு 1.90 ரிங்கிட் நட்டத்தைச் சிங்கப்பூர் சுமக்கிறது, 3.45 ரிங்கிட் ஆதாயத்தை ஜொகூர் எடுக்கிறது. ஆலையைக் கட்டியதும் நடத்துவதும் குழாய் பதித்ததும் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம்.

ஆகவே இரு பக்கமும் மானியம் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் விந்தையான ஏற்பாடு இது. ஜொகூர் மலிவான ஆற்றுநீரைத் தருகிறது; சிங்கப்பூர் மலிவான சுத்திகரித்த நீரைத் தருகிறது. இரண்டில் எது பெரிது என்ற சண்டையில் நாற்பது ஆண்டு ஓடிவிட்டது.

சண்டையின் மையம் 1987. கையெழுத்திட்டு 25 ஆண்டு கழித்து விலையை மறுஆய்வு செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பணத்தின் வாங்கும் திறன், கூலி, மின்சாரம், பொருள்கள் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தை வைத்து விலையைத் திருத்தலாம்; ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போகலாம். அந்த ஆண்டு மலேசியா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் கேட்காததால் உரிமை போயிற்று என்பது சிங்கப்பூரின் நிலை. 25 ஆண்டுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது மலேசியாவின் நிலை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு என் ஊகம் எளியது. மூன்று காசு ஏறினால் 50 காசும் ஏறியிருக்கும். பணவீக்கத்தின் அளவுக்கு மட்டும் திருத்தம் வந்தால், மூன்று காசு பத்தாகும்போது ஐம்பது காசு ஒன்றரை ரிங்கிட்டைத் தாண்டும். தண்ணீரை வாங்கிக் குடிக்கும் ஜொகூருக்கு அது ஆதாயமாக இருந்திருக்காது. தனக்குக் கிடைத்த மலிவு கையைக் கட்டிவிட்டது. மானியம் பெறுகிறவன் பேரம் பேச மாட்டான் என்று கிண்டலாகச் சொல்வார்கள். இங்கே அது ஒரு மாநிலத்துக்கே நடந்தது.

2000க்குப் பிறகு பேரம் பேசப்பட்டது. 45 காசு, 60 காசு, மூன்று ரிங்கிட் என்று எண்கள் எழுந்து விழுந்து, 2002இல் பிரதமர் மகாதீர் காலத்தில் ஆயிரம் கேலனுக்கு 6.25 ரிங்கிட் என்ற எண் வந்தது. அதற்கு மலேசியா காட்டிய மேற்கோள் ஹாங்காங். சீனாவிடமிருந்து ஹாங்காங் வாங்கும் தண்ணீருக்கு ஆயிரம் கேலனுக்கு எட்டு ரிங்கிட் கொடுக்கிறதே, சிங்கப்பூர் ஏன் கொடுக்கக் கூடாது என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமே வந்தது. அங்கே அணையும் நீரேற்று நிலையமும் கால்வாயும் சீனாவின் செலவு, இங்கே எல்லாம் எங்கள் செலவு என்று சிங்கப்பூர் பதில் சொன்னது. வேலைக்குப் போகும் வழியில் அந்த விளம்பரத்தைப் படித்த எனக்கு ஹாங்காங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வந்தது அப்போதுதான். அந்த ஆசை இன்றுவரை தீரவில்லை. ஏனென்றால் விலையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கிருந்து கிடைத்தது.

ஹாங்காங்கிலும் 1963இல்தான் பெரும் வறட்சி. அவ்வாண்டு சூன் மாதம் முதல் நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நகருக்குக் கம்யூனிஸ்ட் சீனா தண்ணீர் தர ஒப்புக்கொண்டது. தொங்ஜியாங் ஆற்றின் தண்ணீரை, ஷிமா என்ற கிளையாற்றின் போக்கையே பின்னோக்கித் திருப்பி, படிப்படியாக நீரேற்றி எல்லைக்குக் கொண்டுவந்தார்கள். 1965 மார்ச்சில் அது வந்துசேர்ந்தது. இன்று ஹாங்காங் குடிக்கும் நன்னீரில் 70 முதல் 80 விழுக்காடு வரை அந்த ஆற்றின் தண்ணீர்தான்.

சிங்கப்பூர்–ஜொகூர் விவகாரத்தில் விலை உறைந்து கிடக்கிறது. ஹாங்காங்கில் வாங்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது, விற்கும் விலை உறைந்து கிடக்கிறது. 2006இலிருந்து அவர்கள் மொத்தத் தொகை முறையில் வாங்குகிறார்கள்: ஆண்டுக்கு 820 மில்லியன் கன மீட்டர் வரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தொகை ஒன்றுதான். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எடுக்காத தண்ணீருக்கும் பணம் போகிறதே என்று சட்டமன்றத்தில் கேள்வி எழும்பிக்கொண்டே இருந்தது. 2021இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் ஒரு விலைக் கழிவு வைத்தார்கள்: உச்ச அளவுக்குக் குறைவாக எடுத்தால், எடுக்காத ஒவ்வொரு கன மீட்டருக்கும் 0.30 ஹாங்காங் வெள்ளி குறையும். அவ்வாண்டின் அடிப்படைத் தொகை 482 கோடி ஹாங்காங் வெள்ளி. 820 மில்லியனால் வகுத்தால் கன மீட்டருக்கு 5.88. ஆறு வெள்ளிக்கு நெருங்கிய பொருளை மிச்சம் பிடித்தால் முப்பது காசு திரும்பக் கிடைக்கும். மிச்சம் பிடிக்க யாருக்கு மனம் வரும்?

அந்த 5.88 வெள்ளித் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வரும்போது என்ன விலை தெரியுமா? நான்கு மாதத்துக்கு முதல் 12 கன மீட்டர் இலவசம். அடுத்த 31 கன மீட்டருக்கு 4.16 வீதம். அதன் பிறகு 6.45, அதற்கும் மேல் 9.05. இந்தக் கட்டணம் 1995 பிப்ரவரியில் நிர்ணயிக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதில் கை வைக்கவில்லை. சுத்திகரிப்பதற்கு முன்பே ஆறு வெள்ளியை நெருங்கிவிட்ட தண்ணீரைச் சுத்திகரித்து, மலையேற்றி, முப்பது நாற்பது மாடிக்கு ஏற்றி, நான்கு வெள்ளிக்கு விற்கிறார்கள். துண்டு விழுவதைச் சொத்து வரியும் அரசுப் பொதுப் பணமும் அடைக்கின்றன. ஹாங்காங்கை வீண்செலவுக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. 1950களிலிருந்தே கழிப்பறைக்குக் கடல்நீரைத் தனிக் குழாயில் விடுகிறார்கள், இன்று ஏறத்தாழ 85 விழுக்காடு மக்களுக்கு அது எட்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இல்லாத ஏற்பாடு அது. ஆனால் கடல்நீரைக் குடிநீராக்குவதில் கதை வேறு. 1975இல் லோக் ஆன் பாயில் பெரிய ஆலையைத் திறந்தார்கள், எரிபொருள் விலை கட்டுப்படியாகாமல் 1982இல் மூடினார்கள். ஆற்றுநீர் தட்டின்றி வரும்போது அந்தச் செலவு எதற்கு என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை. மறுபடியும் ஓர் ஆலை, தேவையில் சுமார் 5 விழுக்காட்டைத் தரக்கூடியது, 2023 இறுதியில்தான் செங் குவான் ஓவில் வந்தது. நாற்பது ஆண்டு இடைவெளி.

அதே நாற்பது ஆண்டில் சிங்கப்பூர் என்ன செய்தது என்பதில்தான் மூன்று காசின் இன்னொரு முகம் தெரிகிறது. வெளியிலிருந்து மலிவாகக் கிடைக்கும் தண்ணீருக்கு உள்ளே மலிவு விலை வைக்கவில்லை. 1991இல் தண்ணீர்ச் சேமிப்பு வரி வந்தது. அடுத்த சொட்டுத் தண்ணீர் எங்கிருந்து வர முடியும், அதற்கு என்ன செலவு என்று பார்த்து விலை வைப்பது என்பது கொள்கை. அடுத்த சொட்டு ஆற்றிலிருந்து வராது, கடலிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோதான் வரும்; ஆகவே விலையும் அவற்றின் விலைதான். ஆற்றுநீருக்கும் கடல்நீர் விலையை வசூலிப்பது கொள்ளை அல்லவா என்று கேட்டால், ஒரு வகையில் ஆம். ஆனால் அந்த வசூல்தான் 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் தொடங்கிய, கழிவுநீரை மறுபடியும் நன்னீராக்கும் புதுநீர் ஆலைகளையும், 2008இல் கட்டிமுடித்த மரினா அணைக்கட்டையும், ஐந்து கடல்நீர் ஆலைகளையும் தாங்கி நிற்கும் கட்டமைப்பின் முதுகெலும்பு. 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. ஸ்கூடாய், குனோங் பூலாய் ஆலைகளைச் சிங்கப்பூர் விலை வாங்காமல் ஜொகூரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. மறுநாள் காலை அக்கா வீட்டுக் குழாயைத் திறந்தால் வழக்கம்போலத் தண்ணீர் வந்தது. அப்படி ஒரு தேதி வந்துபோனதே அவருக்குத் தெரியாது.

6.25 ரிங்கிட் என்ற எண்ணுக்குத் திரும்புகிறேன். அன்றைய மாற்று விகிதத்தில் அது கன மீட்டருக்குச் சிங்கப்பூர்ப் பணத்தில் ஏறத்தாழ 65 காசு; அது வெறும் ஆற்றுநீர், சுத்திகரிக்கும் செலவு தனி. 2005இல் துவாசில் திறந்த முதல் கடல்நீர் ஆலை, குடிக்கத் தக்க நீரை முதலாண்டில் 78 காசுக்குத் தந்தது. ஆற்றுக்குக் கேட்ட விலையும் கடலுக்குக் கொடுத்த விலையும் அநேகமாக ஒன்றாகிவிட்டன. கேட்ட எண் சரியா தவறா என்பதை விடுங்கள். அந்த எண்ணைக் கேட்ட நாளில் சிங்கப்பூருக்குக் கடல் கட்டுப்படியாகும் பொருளாகிவிட்டது. எங்கள் பேரத்தின் கூர்மை மழுங்கியதும் அன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதைச் சிங்கப்பூரின் வெற்றிக் கதையாக மட்டும் முடிக்க எனக்கு விருப்பமில்லை. 2013இல் திறந்த துவாஸ்பிரிங் ஆலை கன மீட்டருக்கு வெறும் 45 காசுக்குக் கடல்நீர் தருவதாக ஒப்பந்தம் எடுத்தது; உடன் கட்டிய மின்நிலையத்தில் மின்சாரம் விற்று ஈடுகட்டலாம் என்பது ஹைஃபிளக்ஸ் நிறுவனத்தின் கணக்கு. மின்சாரச் சந்தை விழுந்தது. 2019இல் பொதுப் பயனீட்டுக் கழகம் ஆலையைத் தானே எடுத்துக்கொண்டது. நிறுவனம் பின்னர் கலைக்கப்பட்டது. சுமார் 34,000 சிறு முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 90 கோடி வெள்ளியை அதில் போட்டிருந்தார்கள், பலர் ஓய்வுபெற்றவர்கள். மலிவுத் தண்ணீரின் கட்டணத்தை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த முறை கட்டியவர்கள் இவர்கள்.

ஏழைகளுக்கு என்ன வழி என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் தரும் விடை, விலையைக் குறைக்காமல் வீட்டுக்குப் பணம் கொடுப்பது. 2017இல் தண்ணீர்க் கட்டணத்தை இரண்டு தவணையாக 30 விழுக்காடு ஏற்றியபோது, 2000க்குப் பிறகு வந்த முதல் ஏற்றம் அது, பயனீட்டுக் கட்டணத் தள்ளுபடியையும் சேர்த்து ஏற்றினார்கள். ஓரறை, ஈரறை வீடுகளுக்கு ஆண்டுக்கு 380 வெள்ளி, நான்கறைக்கு 300, பெரிய வீடுகளுக்கு 220 என்று, வீடு சிறிதாகச் சிறிதாகத் தொகை பெரிதாகும். மிச்சம் பிடித்தால் தள்ளுபடியில் ஒரு காசும் குறையாது. மிச்சமானது அடுத்த மாதச் சீட்டுக்குப் போகும். ஹாங்காங்கின் முதல் 12 கன மீட்டர் இலவசம், இரண்டு பேர் குடியிருக்கும் மாளிகைக்கும் உண்டு, எட்டுப் பேர் நெருக்கியடித்துக் கிடக்கும் வீட்டுக்கும் உண்டு. தண்ணீருக்கு மானியம் கொடுப்பதற்கும் ஆளுக்கு மானியம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டாவது முறைதான் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரு குறை உண்டு. அது குடிமக்களின் கழக வீட்டுக்கு வருவது. அந்தக் கழக வீட்டையே வெயிலில் நின்று கட்டிக்கொடுத்த வெளிநாட்டுத் தொழிலாளர், நம் ஊர்ப் பிள்ளைகள் உட்பட, அந்தப் பட்டியலில் இல்லை.

விலை மக்களின் பழக்கத்தை மாற்றுமா என்று அக்காவிடம் கேட்டேன். "விலைக்காக இல்ல, வாளி வச்சுப் பழகிட்டேன்" என்றார். அரிசி கழுவிய தண்ணீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவது எங்கள் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். சலவை இயந்திரத்தின் கடைசி அலசல் நீர், மாடத்தில் இரண்டு வாளியில் எப்போதும் நிற்கும். நாட்டின் கணக்கோ மெல்ல இறங்குகிறது: 2003இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லிட்டராக இருந்தது 2023இல் 141 லிட்டராயிற்று. நடுவே பெருந்தொற்று ஆண்டுகளில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது ஏறித்தான் இறங்கியது.

இனி எங்கள் பக்கம். 2015 ஆகஸ்டில் ஜொகூர் பாருவின் ஒரு பகுதியிலும் பாசிர் கூடாங்கிலும் அணைகள் வற்றி, முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். சிங்கப்பூரில் வேலை முடித்து, அங்கே அலுவலகக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து, இங்கே வீட்டில் டிரம்மிலிருந்து மொண்டு குளித்தேன். அந்த வாரம் பேருந்தில் குழாய்களைப் பற்றிய பேச்சு வேறு தொனியில் இருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூருக்கும் அதே வகை அச்சம். ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில், 1990ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் பணம் போட்டுக் கட்டிய லிங்கியூ நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. அங்கிருந்து தண்ணீர் திறந்துவிட்டால்தான் கடல் உப்பு ஆற்றில் ஏறிவந்து ஆலையின் வாயை அடைக்காமல் இருக்கும். 250 மில்லியன் கேலன் எடுக்கும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? 2019 ஏப்ரலில் தண்ணீர் இருந்தது, அமோனியாவும் சேர்ந்து வந்தது, ஆலையை நிறுத்திவைத்தார்கள்.

அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் செம்பனை ஆற்றங்கரை வரை இறங்கி நிற்கும். உரம் போட்ட மறுநாள் மழை பெய்தால் வாய்க்கால் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. லிங்கியூவுக்காகக் காட்டையும் மரத்தையும் இழந்ததற்கு ஜொகூர் 32 கோடி ரிங்கிட் இழப்பீடு பெற்றது. அது ஒரே தடவை. அதற்குக் கீழே ஆறு கடலுக்குப் போகும் வரை, கரையில் ஐம்பது அடி செம்பனை நடாமல் விட்டவனுக்கு மூன்று காசில் ஒரு துளியும் போவதில்லை. 3.24 வெள்ளியிலும் போவதில்லை. ஆலைக்கு விலை இருக்கிறது, குழாய்க்கு விலை இருக்கிறது, கழிவுக்கும் விலை இருக்கிறது. ஆறு ஆறாக இருப்பதற்கு எந்தச் சீட்டிலும் வரி எழுதவில்லை. 2018இல் மகாதீர் மறுபடியும் பிரதமரானபோது மூன்று காசு கேலிக்குரியது என்றார். கேலிக்குரியதுதான். ஆனால் அவர் கேட்டதும் ஆற்றுக்காக அல்ல, மாநிலக் கருவூலத்துக்காக. இந்த ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்படி விலை ஏற்றக் கேட்டிருந்தால், அது நியாயமான கோரிக்கை என்று சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் வாதாடியிருப்பேன். அவர்கள் ஆலையின் வாய்க்கு வரும் நீரின் தரம் அது, கொடுப்பதில் அவர்களுக்கே ஆதாயம்.

2024 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 காசு ஏறியது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், சிங்கப்பூரிடம் விலை ஏற்றச் சொல்லிப் பல ஆண்டாகப் பேசிவருபவர், சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஏழை மனிதன் தலையில் கை வைக்கிறார்கள் என்றார். நான் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவையே வாங்கி, சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: சிங்கப்பூர் ஆற்றுநீருக்குக் கொடுப்பது கன மீட்டருக்கு 0.66 காசு, நம் கட்டணத்தில் இப்போது ஏறிய தொகை மட்டுமே அதைப்போல் 33 மடங்கு. அது ஆற்றுநீர், இது சுத்திகரித்த நீர், இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று நானே சொல்லவும் செய்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உங்க அக்கா வீட்டுல எவ்வளவு கட்டுறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். ரிங்கிட்டாக மாற்றிச் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். "அவ்வளவா?" என்று கேட்டுவிட்டு, சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ரப்பர் குழாயைப் போய் மூடினார்.